மாத இதழில் வளர்ந்த யோக நூல்கள்

ஸ்ரீ அரவிந்தரின் பெரிய யோக நூல்களில் பெரும்பாலானவை நூல்களாக எழுதத் தொடங்கப்பட்டவை அல்ல. 1914 ஆகஸ்ட் 15 அன்று, தம் 42ஆம் பிறந்தநாளில், புதுச்சேரியிலிருந்து அவர் வெளியிடத் தொடங்கிய ‘ஆர்யா’ என்னும் ஆங்கில மாத இதழில் தொடர்களாக வந்த கட்டுரைகளே பின்னர் நூல் வடிவம் பெற்றன. தமிழ் அன்பர்கள் ஆங்கிலப் பெயராலேயே குறிப்பிடும் ‘லைஃப் டிவைன்’, யோக நெறிகளை ஒருங்கிணைத்துக் காட்டும் ‘யோக சமன்வயம்’, ‘வேத ரகசியம்’ ஆகிய மூன்றும் முதல் இதழ் தொட்டே ஒரே காலத்தில் வெளிவந்தன. ‘கீதைக் கட்டுரைகள்’ 1916இல் அவற்றோடு சேர்ந்துகொண்டது. இதழைத் தொடங்குவதில் துணைநின்ற பிரெஞ்சுத் தம்பதியரான பால் ரிஷாரும் மிர்ராவும், முதல் உலகப் போரின் காரணமாக 1915 பிப்ரவரியில் ஊர் திரும்ப நேர்ந்ததால், மாதந்தோறும் 64 பக்கங்களை நிரப்பும் பொறுப்பு ஏறத்தாழ முழுவதும் அரவிந்தர் ஒருவர் மீதே விழுந்தது. பிற்காலத்தில் ஆசிரமத்தை வளர்த்து ‘ஸ்ரீ அன்னை’ என்று அழைக்கப்பட்டவர் இந்த மிர்ராவே. 1921 ஜனவரியில் இதழ் நின்றபோது ஆறரை ஆண்டுகள் கழிந்திருந்தன.

இந்தப் பிறப்பு வரலாறு வாசகருக்கு மிகவும் பயன்படுவது. ஆயிரம் பக்கங்களுக்கு மேல் நீளும் ‘லைஃப் டிவைனை’ ஆர்வத்தோடு வாங்கி, ஒரு நாவலைப் போல ஒரே மூச்சில் முடிக்க முயன்று, நான்கைந்து அத்தியாயங்களில் களைத்து மூடிவைப்போர் பலர். அவர்கள் தம் அறிவைக் குறைகூறிக்கொள்வதும், நூலாசிரியரின் நடையைக் குறைகூறுவதும் உண்டு. உண்மையில் தவறு வேகத்தில்தான் இருக்கிறது. ஒரு மாத காலம் மனத்தில் ஊறட்டும் என்று தரப்பட்ட ஒரு பகுதியை அரைமணி நேரத்தில் கடந்துவிட்டு அடுத்ததற்குப் போவது, அந்த எழுத்து அமைந்த முறைக்கே மாறானது. முந்தைய பகுதியில் சொன்னதை அடுத்த பகுதியின் தொடக்கத்தில் அவர் மீண்டும் சொல்வதற்கும் இதுவே காரணம்; தொடர்ந்து வாசிப்பவருக்குச் சலிப்பாகத் தோன்றும் அந்த மறுகூற்று, இடைவெளி விட்டு வாசிப்பவருக்குக் கைப்பிடியாக அமைகிறது.

நடையின் கடினத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. ஏழு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் கிரேக்கமும் லத்தீனும் ஆழக் கற்று, 1893இல் இந்தியா திரும்பிய அவருடைய ஆங்கில வாக்கியம், துணைவாக்கியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, இறுதியில் ஒரு முடிவுக்கு வந்து சேரும் வகையைச் சேர்ந்தது. அதைவிட முக்கியமானது அவருடைய வாத முறை. ஜடப்பொருளைத் தவிர வேறெதுவும் இல்லை என்னும் பொருள்முதல்வாதத்தையும், உலகம் மாயையே என்று துறந்து செல்லும் சந்நியாச நோக்கையும் அவர் மறுக்கிறார். ஆனால் மறுப்பதற்கு முன், அந்தத் தரப்பினரே சொல்லியிருக்க முடியாத அளவு வலிமையோடு அவர்களுடைய வாதத்தை எடுத்துவைக்கிறார். பரபக்கத்தை, அதாவது பிறர் கொள்கையை, முழுவதும் கூறிய பின்பே தன் கொள்கையாகிய சுபக்கத்துக்கு வரும் சைவ சித்தாந்த நூலான ‘சிவஞான சித்தியாரின்’ அமைப்பை அறிந்த தமிழருக்கு இந்த முறை புதிதன்று. இதனை அறியாமல் ஓர் அத்தியாயத்தின் நடுவில் நிறுத்திவிடுபவர், எதிர்த்தரப்பின் கூற்றையே அரவிந்தரின் கொள்கையாகக் கொண்டுவிடுவார். எனவே எவ்வளவு மெதுவாக வாசித்தாலும் அத்தியாயத்தின் முடிவில்தான் நிறுத்த வேண்டும். நூலைக் கண்மூடித் திறந்து, கிடைத்த பக்கத்தை வழிகாட்டலாக ஏற்கும் வழக்கம் பக்தர்களிடையே இருக்கிறது. அது அவரவர் பக்தியைச் சார்ந்தது என்றாலும், வாதத்தைத் தொடர விரும்புபவருக்கு அந்த முறை உதவாது.

ஆசனப் படங்களையும் மூச்சுப் பயிற்சிகளையும் எதிர்பார்த்து இந்நூல்களைத் திறப்பவர் ஏமாற்றமடைவார். ‘யோக சமன்வயத்தில்’ ஹடயோகத்துக்கும் ராஜயோகத்துக்கும் தலா ஓர் அத்தியாயமே ஒதுக்கப்பட்டுள்ளது. இயற்கை அறியாமலே நடத்திவரும் வளர்ச்சியை மனிதன் அறிந்து, விரும்பி, விரைவுபடுத்துவதே யோகம் என்பது அவர் கொண்ட பொருள். ஆகவே வாழ்வின் எந்தப் பகுதியும் அதற்கு வெளியே இல்லை. கர்மம், ஞானம், பக்தி ஆகிய மூன்று நெறிகளையும் இணைத்து, அவற்றுக்கு அப்பால் மனம், உயிர், உடல் ஆகியவற்றையும் மாற்ற முனைவதால் இது ‘பூரண யோகம்’ எனப்படுகிறது. மனத்துக்கு மேற்பட்டு, பிளவின்றி உண்மையை நேரே அறியும் சக்தியே ‘அதிமானசம்’. ‘சத்திய ஜீவியம்’ என்றும் இது தமிழில் வழங்கும். பிறவிதோறும் அனுபவங்களின் சாரத்தைத் திரட்டி வளரும் உள்ளுறை ஆன்மா ‘சைத்திய புருஷன்’ ஆகும். இந்தச் சொற்களின் பொருளைக் கையில் வைத்துக்கொண்டாலே பாதித் தடை நீங்கிவிடும்.

தொடங்குவதற்கு மிகப் பொருத்தமான நூல், 1928இல் வெளிவந்த ‘அன்னை’ என்னும் சிறு நூல். ஆறே பகுதிகள் கொண்ட இது, சாதகர் செய்ய வேண்டிய முயற்சியை ஆர்வம், விலக்கல், சரணாகதி என்று மூன்றாக வகுக்கிறது: மேலானதை இடையறாது நாடுதல், அதற்கு எதிரானவற்றைத் தள்ளுதல், தன்னை முழுவதும் ஒப்படைத்தல். பணத்தைப் பற்றிய ஒரு பகுதி இதில் இருப்பது, வாழ்வை விலக்காத யோகம் என்பதன் பொருளைச் சட்டென்று விளக்கிவிடும். பணம் ஒரு சக்தி, அதைக் கண்டு அஞ்சி ஒதுங்குவதும் அதற்கு அடிமையாவதும் ஒருசேரத் தவறு என்கிறார் அவர்.

அடுத்து வாசிக்கத் தக்கவை கடிதங்கள். 1926 நவம்பர் 24க்குப் பின் தனிமையில் இருந்த அரவிந்தர், 1930களில் சீடர்கள் எழுத்தில் கேட்ட கேள்விகளுக்கு நாள்தோறும், பெரும்பாலும் இரவு முழுவதும் விழித்திருந்து, பதில் எழுதினார். 1938 நவம்பரில் தொடை எலும்பு முறிந்த பிறகு அந்தப் பழக்கம் ஏறத்தாழ நின்றுபோயிற்று. தூக்கம், உணவு, கோபம், மனச்சோர்வு, வேலையில் ஏற்படும் பிணக்கு என எதையும் சிறியதென்று தள்ளாத இக்கடிதங்களில், தத்துவ நூல்களின் கனமான நடை மறைந்து, ஒரு மனிதருடன் நேரில் பேசும் இதம் வந்துவிடுகிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. ஒவ்வொரு கடிதமும் குறிப்பிட்ட ஒருவரின் இயல்பையும் அப்போதைய நிலையையும் கருதி எழுதப்பட்டது. தொகுப்பாளர்கள் அவற்றைப் பொருள்வாரியாக அடுக்கியபோது கேட்டவரும் கேட்ட சூழலும் பெரும்பாலும் பின்தள்ளப்பட்டன. ஒருவருக்குத் தனிமையையும் மற்றொருவருக்கு வேலையையும் பரிந்துரைப்பது முரண்பாடு ஆகாது. அதை எல்லோருக்கும் உரிய விதியாக எடுத்துக்கொள்வதுதான் பிழை.

எழுதிய காலத்தையும் பார்க்க வேண்டும். அதிமானசத்துக்கும் மனத்துக்கும் இடையே உள்ள ‘தெய்விக மனம்’ என்னும் நிலைக்கு அரவிந்தர் வழங்கிய தனிச்சொல் ‘ஆர்யா’ காலத்தில் வழக்கில் இல்லை. 1939, 1940ஆம் ஆண்டுகளில் ‘லைஃப் டிவைன்’ திருத்தப்பட்டு நூலானபோது அதற்கென்று ஓர் அத்தியாயமே சேர்க்கப்பட்டது. ‘யோக சமன்வயம்’ அத்தகைய முழுத் திருத்தத்தைப் பெறவில்லை. முதல் பகுதி மட்டுமே 1948இல் அவர் காலத்தில் நூலாயிற்று, நான்காம் பகுதி இதழ் நின்றதால் முடிவுறாமல் நின்றுவிட்டது. ஆதலால் இரு நூல்களிலும் ஒரே சொல் சற்று வேறுபட்ட பொருளில் வரும்போது வாசகர் குழம்ப வேண்டியதில்லை.

தமிழ் வாசகருக்கு இந்நூல்களோடு மற்றொரு நெருக்கமும் இருக்கிறது. 1910இல் புதுச்சேரி வந்த அரவிந்தர், அங்கே முன்பே தங்கியிருந்த பாரதியாரோடு பழகி, வேதம் பயின்று, அவர் துணையால் ஆண்டாள், நம்மாழ்வார், குலசேகராழ்வார் பாசுரங்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஆழ்வார்களைப் பற்றி ‘ஆர்யா’விலும் எழுதினார். தமிழ்ச் சொற்களை ஆராய்ந்தது சமஸ்கிருதத்தின் தொன்மையான சொல்வேர்களைப் பற்றிய தம் எண்ணங்களுக்கு வழிதிறந்ததை ‘வேத ரகசியத்தில்’ அவரே பதிவுசெய்துள்ளார். கீதையை ஓரளவு அறிந்தவர்கள், ‘அன்னை’க்கும் கடிதங்களுக்கும் பின் 48 அத்தியாயங்கள் கொண்ட ‘கீதைக் கட்டுரைகளை’ வாசித்துவிட்டு ‘லைஃப் டிவைனுக்கு’ வருவது நல்லது. ஏறத்தாழ 24,000 அடிகள் கொண்ட ‘சாவித்திரி’ காவியம் இவை அனைத்துக்கும் பிறகு வைக்கத் தக்கது.

‘லைஃப் டிவைனில்’ உள்ள 56 அத்தியாயங்களை மாதம் ஒன்றாக வாசித்தால் நான்கு ஆண்டு எட்டு மாதங்களில் முடிக்கலாம். 1914 ஆகஸ்ட் முதல் 1919 ஜனவரி வரை, நான்கரை ஆண்டுகள், ‘ஆர்யா’வின் வாசகர்கள் அதை அப்படித்தான் வாசித்தார்கள்.