மேய்ச்சலா, கொட்டிலா? செம்மறிக் குட்டி சீக்கிரம் எடை போட எது சரியான வழி?

ஒரே இனம், ஒரே வாரத்தில் பிறந்த இரண்டு செம்மறிக் குட்டிகள். ஆறு மாசம் கழிச்சு சந்தைக்கு வரும்போது ஒன்று நல்ல எடையோடு நிற்கிறது, இன்னொன்று மெலிந்து கிடக்கிறது. காரணம் பெரும்பாலும் வளர்க்கும் முறைதான். தேனி, கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கு இது இப்போ முக்கியமான கேள்வி.

ஏன் இப்போ முக்கியம்?

2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் வனப்பகுதி முழுக்க கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்த சென்னை உயர் நீதிமன்றம், அதே மாதம் அதை தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் எனச் சுருக்கியது. இதனால் மலையடிவாரத்தில் ஆடு வளர்ப்போருக்கு மேய்ச்சல் இடம் குறைந்துவிட்டது.

மூன்று முறைகள் என்னென்ன?

மேய்ச்சல் முறை: பகல் முழுக்க வெளியே மேயும், ராத்திரி பட்டியில் அடையும். நெல் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுவதும் இந்த வகைதான். செலவு குறைவு, வயலுக்கு உரமும் கிடைக்கும்.

கொட்டில் முறை: வெளியே விடுவதே இல்லை. பசுந்தீவனம், அடர்தீவனம், தண்ணீர் எல்லாம் இருக்கும் இடத்துக்கே வரும். பரண் அமைத்து வளர்ப்பதும் இதில் சேரும்.

கலப்பு முறை: சில மணி நேரம் மேய்ச்சல், மாலையில் கொட்டிலில் கூடுதல் தீவனம்.

எதில் குட்டி வேகமாக வளரும்?

பொதுவாக கொட்டிலில்தான் எடை வேகமாக ஏறும். அடுத்தது கலப்பு முறை, கடைசியில் வெறும் மேய்ச்சல். காரணம் எளிது. தீவனம் தேடி அலையும் ஆடு, தின்றதில் ஒரு பகுதியை நடையிலேயே செலவழித்துவிடும். கோடையில் புல் காய்ந்தால் சத்தும் குறையும். தாய் பகலெல்லாம் மேய்ச்சலுக்குப் போய்விட்டால், பட்டியில் விட்ட குட்டிக்குக் காலையும் மாலையும்தான் பால்.

அப்போ எல்லோரும் கொட்டிலுக்கு மாறலாமா?

அவசரப்பட வேண்டாம். தீவனத்தை முழுக்க விலைக்கு வாங்கினால், ஏறிய எடையின் லாபத்தைத் தீவனச் செலவே தின்றுவிடும். நெருக்கமாக அடைத்தால் ரத்தக்கழிச்சலும் சளியும் சீக்கிரம் பரவும். தென்னந்தோப்பில் ஊடுபயிராகவோ வரப்பிலோ கம்பு நேப்பியர், வேலிமசால், அகத்தி போட முடிந்தவர்களுக்குத்தான் கொட்டில் கட்டுப்படியாகும். மற்றவர்களுக்குக் கலப்பு முறைதான் கைக்கு அடக்கமான வழி.

முதல் மூணு மாசம்தான் முக்கியம்

எந்த முறையாக இருந்தாலும் இவற்றை விட்டுவிடக் கூடாது:

* பிறந்த அரை மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கணும்.
* இரண்டு, மூன்று வாரத்திலிருந்தே இளந்தழையும் கொஞ்சம் அடர்தீவனமும் பழக்கணும். தாய் ஆடு நுழைய முடியாதபடி தனித் தடுப்பு வைத்தால் குட்டி நிம்மதியாகத் தின்னும்.
* சுமார் மூணு மாசத்தில் பால் மறக்கடிக்கலாம். அதற்கு முன் குட்டி தீவனம் நன்றாகத் தின்னப் பழகியிருக்கணும்.
* குடற்புழு நீக்க மருந்தும், துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி நோய்களுக்கான தடுப்பூசியும் கால்நடை மருத்துவர் சொல்லும் நேரத்தில் போடணும்.
* மேய்ச்சலிலிருந்து தீவனத்துக்கு மாற்றும்போது ஒரேயடியாக மாற்றாமல், பத்து நாளாவது மெல்ல மெல்ல மாற்றணும்.

மாசத்துக்கு ஒரு தடவை குட்டியை எடை போட்டு, தீவனச் செலவையும் பக்கத்திலேயே குறித்து வைத்தால், எந்த முறை கட்டுப்படியாகுது என்பது மூணு மாசத்தில் தெரிந்துவிடும்.