குடல் ஆபரேஷன் முடிஞ்ச நாலாவது நாள்: வீட்டுக்குப் போகலாமான்னு ரத்தம் சொல்லுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரிதாக மாற்றாமல், படிப்பதற்கு வசதியாகச் சுருக்கியிருக்கிறோம்.)

கொடைக்கானல் டவுன்லேர்ந்து பூம்பாறை, மன்னவனூர் தாண்டிப் போனா கவுஞ்சின்னு ஒரு ஊர் வரும். நம்மள்ல நிறைய பேருக்கு அது பைக் ட்ரிப் போற வழி. அங்க இருக்கிறவங்களுக்கு அது வீடு. பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையிற நிலம். அந்த ஊர்க்காரர் ஒருத்தருக்குப் பெரிய குடல் ஆபரேஷன் தேவைப்பட்டா, மலை இறங்கி தேனி, திண்டுக்கல், மதுரைன்னு போகணும். கொடைக்கானல்லேர்ந்து மதுரையே சுமார் 120 கிலோமீட்டர்.

அதனால டாக்டர் "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்"னு சொன்னா, மதுரை கோரிப்பாளையத்துல இருக்கிறவருக்கு அது ஒரு ஆட்டோ சவாரி. கவுஞ்சிக்காரருக்கு, ஆபரேஷன் தியேட்டரை விட்டுப் பல மணி நேரம் தள்ளிப் போறது. போகலாமா வேண்டாமான்னு முடிவெடுக்க, வயித்தைத் திரும்பத் திறக்காமலே என்னென்ன அறிகுறிகள் கிடைக்கும்? இன்னிக்கு அதைத்தான் பேசப்போறோம்.

பயம் எதைப் பத்தி?

புற்றுநோய், காசநோய், அடைப்புன்னு ஏதோ காரணத்துக்காகக் குடல்ல ஒரு துண்டை வெட்டி எடுக்கிறாங்க. மிச்சம் இருக்கிற ரெண்டு முனையையும் சேர்த்துத் தைக்கிறாங்க. இந்த இணைப்புக்கு அனஸ்டமோசிஸ்னு பேர். இது ட்யூப்ல பஞ்சர் ஒட்டுற மாதிரி இல்லை. உயிருள்ள சதை, ரத்த ஓட்டம் சரியா இருந்தாதான் ஆறும். ஆறாம எங்கயாவது விட்டுப்போச்சுன்னா, குடல்ல இருக்கிற கழிவும் கிருமியும் வயித்துக்குள்ள கசியும். சீக்கிரம் கண்டுபிடிச்சா சமாளிக்கலாம். தாமதமானா செப்சிஸ் வரைக்கும் போய் உயிருக்கே ஆபத்தாகும்.

சிக்கல் என்னன்னா, இது எப்பவும் முதல் ரெண்டு நாள்ல தெரியாது. 2007-ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல 1,223 நோயாளிகளைப் பார்த்தாங்க. 33 பேருக்குக் கசிவு வந்தது. அதைக் கண்டுபிடிக்கச் சராசரியா 12.7 நாள் ஆச்சு. பத்துல நாலு பேருக்கு, டிஸ்சார்ஜ் ஆகித் திரும்ப அட்மிட் ஆன பிறகுதான் தெரிஞ்சது.

காசில்லாத டெஸ்ட் முதல்ல

ஊசிகூடப் போடாம பார்க்கக்கூடிய விஷயங்கள் இருக்கு. நாடித்துடிப்பு 100-க்கு மேலேயே நிக்குதா? மூச்சு நிமிஷத்துக்கு 20-ஐத் தாண்டுதா? காய்ச்சல் இருக்கா? சிறுநீர் குறையுதா? நேத்தைவிட இன்னிக்கு வலி கூடுதா? வயிறு உப்பி, காத்து பிரியாம, வாந்தி வருதா? வயசானவங்க திடீர்னு குழப்பமா பேசுறாங்களா? இதுல ஒண்ணு மட்டும் இருந்தா வேற காரணம் இருக்கலாம். ரெண்டு மூணு சேர்ந்து வந்தா நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லியே ஆகணும்.

அடுத்தது சி.ஆர்.பி.

சி-ரியாக்டிவ் புரோட்டீன். 1930-ல நியூயார்க் ராக்கஃபெல்லர் இன்ஸ்டிட்யூட்ல, நிமோனியா நோயாளிகளோட ரத்தத்துல கண்டுபிடிச்ச புரதம். உடம்புல எங்க அழற்சி வந்தாலும் கல்லீரல் இதை நிறைய சுரக்கும். ஆபரேஷனே உடம்புக்கு ஒரு காயம்தானே? அதனால எல்லாருக்கும் இது ஏறும். ரெண்டாவது, மூணாவது நாள்ல உச்சத்துக்குப் போகும்.

விஷயம் அதுக்கப்புறம்தான். ரத்தத்துல இருக்கிற சி.ஆர்.பி. சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். புதுசா சுரக்கிறது குறைஞ்சா, அளவு மளமளன்னு இறங்கணும். நாலாவது நாளும் இறங்காம நின்னா, உள்ள ஏதோ ஒண்ணு இன்னும் அதைத் தூண்டிக்கிட்டே இருக்குன்னு அர்த்தம்.

2014-ல ஏழு ஆய்வுகளை, மொத்தம் 2,483 நோயாளிகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டாங்க. மூணாவது நாள் 172, நாலாவது நாள் 124, அஞ்சாவது நாள் 144. இதெல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. இதுக்குக் கீழ இருந்தா 97 சதவீதம் பேருக்குக் கசிவு இல்லை.

97-ன்னதும் அசந்துடாதீங்க. அந்த ஆய்வுகள்ல டெஸ்ட் எடுக்காமலே பார்த்தாலும், 100 பேர்ல சுமார் 90 பேருக்குக் கசிவு இல்லை. அதாவது, கசிவு இருக்க வாய்ப்பு முதல்ல 100-க்கு சுமார் 10. ரிசல்ட் கம்மியா வந்தா அது 3 ஆகுது. அதிகமா வந்தா? வெறும் 22 கிட்டதான். மிச்ச 78 பேருக்கு அது நெஞ்சுச் சளியாவோ, தையல் போட்ட இடத்துல சீழாவோ, வேற எதுவாவோ இருக்கலாம்.

ஆக, சி.ஆர்.பி. கசிவைக் காட்டிக்கொடுக்கிற டெஸ்ட் இல்லை. வீட்டுக்கு அனுப்பலாம்ங்கிற தைரியத்தைக் கொடுக்கிற டெஸ்ட். அதிகமா இருந்தா, உடனே வயித்தைத் திறக்கிறதில்லை. நோயாளியை நிறுத்தி வச்சு, நல்லா பரிசோதிச்சு, தேவைப்பட்டா சி.டி. ஸ்கேன் எடுப்பாங்க.

எங்க இது ஏமாத்தும்?

கல்லீரல் ரொம்பக் கெட்டுப்போனவங்களுக்கு சி.ஆர்.பி. ஏற வேண்டிய அளவு ஏறாது. ஸ்டீராய்டு எடுக்கிறவங்களுக்கும் கம்மியா காட்டலாம். குடல்ல ஓட்டை விழுந்து, சீழோட அவசர ஆபரேஷனுக்கு வந்தவங்களுக்கு ஆரம்பமே அதிகமா இருக்கும். அவங்களுக்கு இந்த 124 கணக்கு பொருந்தாது. லேப்ராஸ்கோப்பில செஞ்சா பொதுவா குறைவாத்தான் ஏறும். புரோகால்சிடோனின்னு இன்னொரு டெஸ்டும் இருக்கு. பாக்டீரியா தொற்றை இன்னும் குறிப்பா காட்டும், ஆனா விலை அதிகம். அதுவும் சி.ஆர்.பி. மாதிரியே, கம்மியா இருந்தா நிம்மதி தரும், அவ்வளவுதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. சில லேப்ல டெசிலிட்டர் கணக்குல ரிப்போர்ட் கொடுப்பாங்க. அங்க 12.4-ன்னு இருந்தா, அதுதான் 124. நம்பரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி யூனிட்டைப் பாருங்க.

டிஸ்சார்ஜுக்கு முன்னாடி கேளுங்க

வீட்ல யாருக்காவது இந்த ஆபரேஷன் நடந்தா, டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. சி.ஆர்.பி. எந்தெந்த நாள் எடுத்தீங்க, இறங்குதா? எங்க வீடு இவ்வளவு தூரம், இன்னும் ஒருநாள் இருந்துட்டுப் போகலாமா? வீட்டுக்குப் போன பிறகு என்ன நடந்தா, எந்த நம்பருக்குக் கூப்பிடணும்?

ரெண்டாவது கேள்வி கேட்கக் கூச்சப்படாதீங்க. கேஸ் ஷீட்ல அட்ரஸ் இருக்கும், மலைப்பாதை இருக்காது. வீட்டுக்குப் போன பிறகும் ரெண்டு வாரம் காய்ச்சலையும் நாடித்துடிப்பையும் தினம் பார்த்து எழுதி வைங்க. வலியோ காய்ச்சலோ கூடினா, மெடிக்கல் ஷாப் மாத்திரையில அடக்காம, அன்னிக்கே கிளம்புங்க. அவசரம்னா 108. ராத்திரி மலை இறங்க வண்டி கிடைக்குமான்னு முன்கூட்டியே பேசி வச்சுக்கோங்க.

அவ்வளவுதான் நண்பர்களே. ஆபரேஷனுக்குத் தயாராகிற யாராவது தெரிஞ்சா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பேசுவோம்.