கையும் மருத்துவமும்

நோயைத் தீர்த்த மருத்துவரைக் 'கைராசிக்காரர்' என்று வாழ்த்துவது நம் மக்களின் வழக்கம். அவருடைய அறிவும் பொறுமையும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நாடி பார்த்த கையே புலப்படுகிறது. ஆகவேதான், கையில் குறை உள்ளவர் மருத்துவராகலாமா என்று எவரேனும் வினவினால், 'ஆகாது' என்னும் விடை நம் நாவில் விரைந்து வந்துவிடுகிறது. தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் நானும் அவ்வாறு விடை கூறியவனே. வலது மணிக்கட்டு வலுவிழந்த மாணவன் ஒருவன் மருத்துவம் பயில விரும்பி என்னிடம் வந்தான். அவனை வணிகவியல் பிரிவில் சேர்த்துவிட்டு, நன்மை செய்ததாக மகிழ்ந்தேன். அக்கையால் அவன் எவற்றைச் செய்ய வல்லவன் என்று ஒருமுறையேனும் நான் கேட்கவில்லை.

கையின் அமைப்பை முதலில் சிறிது அறிவோம். ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. அவற்றுள் 8 சிற்றெலும்புகள் மணிக்கட்டில் இரு வரிசையாக அமைந்துள்ளன. இவற்றிற்கும், இவற்றின்மேல் பாலம்போல் கிடக்கும் ஒரு வலிய நார்ப்பட்டைக்கும் இடையே குறுகிய வழி ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அவ்வழியே செல்கின்றன. உள்ளே வீக்கம் உண்டானால் நரம்பு நசுங்குகிறது. கட்டைவிரலும் அடுத்துள்ள விரல்களும் மரத்துப்போகின்றன. ஓய்வும், மணிக்கட்டை அசையாமல் தாங்கும் கட்டும், வேண்டுமாயின் சிறு அறுவையும் இதனைத் தீர்க்கக்கூடும். முடக்குவாதம் வேறு வகையானது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் அது விளைகிறது. அதை வேரோடு களைய இயலாவிடினும், தொடக்கத்திலேயே தக்க மருந்து உட்கொண்டால் மூட்டுகள் உருக்குலையாமல் பெரிதும் காக்கலாம்.

அம்முடக்குவாதத்தோடு அறுவை மருத்துவம் செய்தவர் தென்னாப்பிரிக்காவின் கிறிஸ்டியன் பர்னார்ட். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்றுவந்தபோது, 1956-ஆம் ஆண்டில், அந்நோய் தம்மைப் பற்றியிருப்பதை அவர் அறிந்தார். அறுவை மருத்துவருக்கு இதனினும் கொடிய செய்தி உண்டோ? ஆயினும் 11 ஆண்டுகள் கழித்து, 1967 டிசம்பர் 3-ஆம் நாள், கேப் டவுன் நகரின் குரூட் ஷூர் மருத்துவமனையில், ஒரு மனிதரின் இதயத்தை மற்றொருவருக்குப் பொருத்தும் முதல் அறுவை அவர் தலைமையில் நிகழ்ந்தது. அந்நோயாளி 18 நாள்களே உயிர் வாழ்ந்தார். அடுத்த மாதம் இதயம் பொருத்தப்பெற்ற மற்றொருவரோ 19 மாதங்கள் வாழ்ந்தார். கை இனி இடங்கொடாது என்ற நிலையில், 1983-இல் பர்னார்ட் அறுவைப் பணியினின்று விலகினார். நோய் தெரிந்த நாள் வேறு, கை ஓய்ந்த நாள் வேறு. இடையில் கழிந்தவை 27 ஆண்டுகள்!

இதனால், மருத்துவத்துக்குக் கையே வேண்டா என்று கொள்ளலாகாது. குருதி எடுத்தல், காயம் தைத்தல், மகப்பேறு பார்த்தல் ஆகியவற்றை மருத்துவ மாணவர் கற்றாக வேண்டும். இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிப்பதற்கும் வலிமை வேண்டும். இங்கே நோயாளியின் நலனே முதன்மையானது. ஆனால், பருத்த பிடியுள்ள கருவிகளும், பேச்சை எழுத்தாக்கும் கணினியும், உடனிருப்போர் உதவியும் பல இடர்களைக் குறைக்கும். பட்டம் பெற்றபின் மனநல மருத்துவம், கதிர்ப்படம் ஆராய்தல், பொதுச் சுகாதாரம் போன்ற துறைகளில் கைவலிமையைவிடக் கூர்ந்த அறிவுக்கே வேலை மிகுதி.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு உயர்கல்வி நிலையங்களில் அவர்களுக்குக் குறைந்தது 5 விழுக்காடு இடங்களை ஒதுக்குகிறது. ஆயினும், மருத்துவம் பயில இரு கைகளும் உணர்ச்சியும் வலிமையும் குன்றாமல் இருத்தல் வேண்டும் என்ற விதிமுறை குறுக்கே நின்றது. 2025 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அவ்விதிமுறையை ஏற்க மறுத்தது. கை முழுமையாக உள்ளதா என்பதன்று, அம்மாணவர் எதைச் செய்ய வல்லவர் என்பதே அளவுகோல் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

என் மாணவனிடம் நான் கேட்கத் தவறிய கேள்வியும் அதுவே. நேயர்களுள் பெற்றோரும் ஆசிரியரும் இருப்பீர்கள். இத்தகைய பிள்ளை ஒன்று உங்கள்முன் வந்து நின்றால், விடையை முந்திக் கூறிவிடாதீர்கள். தக்க மருத்துவரிடம் அழைத்துச் சென்று கையைச் சோதியுங்கள். கருவிகளைக் கொடுத்துச் செய்துபார்க்கச் சொல்லுங்கள். அதன்பின் அப்பிள்ளையே முடிவு செய்யட்டும்.