ஐந்தாம் வகுப்பு முடிந்தது, அப்புறம்?

திருத்தணி மலைக்குப் படிகள் 365. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்று பெரியவர்கள் சொல்வார்கள். டிசம்பர் 31-ந் தேதி படித் திருவிழாவில், ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு பக்தர்கள் ஏறிச் செல்வதை நேயர்களில் பலர் கண்டிருக்கலாம். மற்ற நாட்களில் இந்தப் படிகளுக்கு இன்னோர் உபயோகமும் உண்டு. சாயங்கால வேளையில் உள்ளூர்க்காரர்கள் பாதி தூரம் ஏறி, மூச்சு வாங்கி, உட்கார்ந்து, குடும்ப விவகாரங்களையும் ஊர் விவகாரங்களையும் பேசுவது இங்கேதான்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் நாமும் அவ்வாறு உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் நம் அண்டை வீட்டுக்காரர். ஜவுளி வியாபாரம் செய்கிறவர். அவருக்கு வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

"சார், நம் பேட்டைப் பள்ளிக்கூடத்தை நடுநிலைப் பள்ளியாக உயர்த்தி விட்டார்களாமே! ஆறாம் வகுப்பு ஆரம்பிக்கிறதாம். நல்ல காரியந்தானே?" என்று கேட்டார்.

"மிகவும் நல்ல காரியம்" என்றோம்.

"அப்படியானால் உங்கள் பெண்ணை அங்கேயேதான் சேர்க்கப் போகிறீர்கள்?"

இருபது வருஷமாகச் சர்க்கார் உயர்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறோம். எத்தனையோ பிள்ளைகளைக் கேள்வி கேட்டு விழிக்க வைத்திருக்கிறோம். அன்று நாம் விழித்தோம். காரணத்தை மறைப்பானேன்? தூரத்திலுள்ள ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தின் விண்ணப்பப் படிவம் நம் மேஜை அறையில் ஏற்கெனவே கிடந்தது.

நண்பர் நம் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "நீங்கள் முதலில் சேருங்கள், சார். பின்னாலேயே நாங்களும் வருகிறோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் பரிகாசமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது நம்மைத் தைத்தது.

ஊர் கற்ற பாடம்

ஐந்தாம் வகுப்புக்கு மேல் எங்கே என்பது இந்த ஊருக்குப் புதிய கேள்வி அல்ல. 1888-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் தமது ஆரம்பப் படிப்பை இங்கேதான் படித்தார். 1896-ல், எட்டாவது வயதில், திருப்பதியிலிருந்த லூதரன் மிஷன் பள்ளிக்கூடத்துக்குச் சென்றார். பிறகு வேலூர், அதன் பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. 1962-ல் அவர் ராஷ்டிரபதியான வருஷத்திலிருந்து அவருடைய பிறந்த நாளே ஆசிரியர் தினமாகவும் கொண்டாடப்பட்டு வருகிறது. ஊர் விட்டு ஊர் போய்ப் படித்து உயர்ந்தவரை நாடு முழுவதும் அறியும். அவரோடு இவ்வூரில் அரிச்சுவடி படித்து, மேலே போக வழியின்றி நின்றுவிட்டவர்களின் பெயரை யார் அறிவார்கள்?

1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது, சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் அப்பக்கம் போயிற்று. வடக்கெல்லைக் கிளர்ச்சிக்குப் பின், படாஸ்கர் தீர்ப்பை அனுசரித்து, 1960 ஏப்ரல் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தது. ம.பொ.சி. அவர்களின் பெயர் இக்கிளர்ச்சியில் எல்லோருக்கும் தெரிந்தது. அவருக்கு இங்கே துணை நின்ற மங்கலங்கிழார் படை திரட்டியவர் அல்லர். தமிழ் சொல்லிக் கொடுத்த ஆசிரியர். ஆகவே பள்ளிக்கூடம் என்பது இவ்வட்டாரத்தில் வெறும் கட்டிடம் அல்ல.

இன்னொரு விஷயமும் நினைவுக்கு வருகிறது. நம் ரயில் பாதையிலேயே, சென்னைக்குப் போகிற வழியில் கடம்பத்தூர் என்ற ஊர் இருக்கிறது. 1958-ல், காமராஜர் முதன்மந்திரியாகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி டைரக்டராகவும் இருந்த காலத்தில், பள்ளிச் சீரமைப்பு மாநாடு முதன்முதலாகக் கூடியது அங்கேதான். பள்ளிக்கு என்ன வேண்டுமென்று ஊரார் தாமே பட்டியல் போட்டு, பெஞ்சியும் கரும்பலகையும் கொட்டகையும் தாமே கொடுத்தார்கள். ராஜ்யமெங்கும் அது பரவியது. அப்போது நம் ஊர் எல்லைக்கு அப்பால் இருந்தது. பாடத்தை நாம் சற்றுத் தாமதமாகக் கற்றுக்கொண்டாலும் குற்றமில்லை.

சட்டமும் கணக்கும்

2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமுலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் விதிகளின்படி, ஐந்தாம் வகுப்பு வரையில் 1 கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரையில் 3 கிலோமீட்டருக்குள்ளும் அக்கம்பக்கத்துப் பள்ளி ஒன்று இருக்கவேண்டும். ஆறாம் வகுப்புக்கு மேல் 35 பிள்ளைகளுக்கு ஓர் உபாத்தியாயர் வீதமும், வகுப்புக்கு ஒருவருக்குக் குறையாமலும் வேண்டும். கணக்கும் விஞ்ஞானமும், சமூக பாடம், மொழிகள் ஆகியவற்றுக்குத் தனித்தனியே ஆள் வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு 25 சதவிகித இடம் உண்டே என்று சிலர் கேட்கலாம். அந்த வாசல் முதல் வகுப்பிலோ அதற்கு முந்திய மழலை வகுப்பிலோ மட்டுமே திறக்கிறது. ஆறாம் வகுப்பில் போய்த் தட்டினால் பயனில்லை. ஆறாம் வகுப்பில் திறக்கும் வாசல் வேறு. 2020-ல் தமிழ்நாட்டில் செய்யப்பட்ட சட்டம், ஆறு முதல் பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு வைத்தியக் கல்லூரி இடங்களில் 7.5 சதவிகிதத்தை ஒதுக்கியது. 2022-ல், ஆசிரியர் தினத்தன்றே தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டமும், அவ்வாறு படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஏற்படுத்தியது. ஆக, பத்து வயதுக் குழந்தைக்காக நாம் செய்யும் முடிவு அதன் பதினெட்டாவது வயதைத் தொடுகிறது.

இருந்தாலும், இடஒதுக்கீட்டுக்காகவும் ஆயிரம் ரூபாய்க்காகவும் ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுப்பது, தேரின் அலங்காரத்தைப் பார்த்து அச்சைப் பார்க்காமல் விடுவது போலாகும். அச்சு எங்கே? எண்ணிக்கையில் இருக்கிறது. பிள்ளைகளின் தொகையை வைத்தே உபாத்தியாயர் பதவிகள் நிர்ணயிக்கப்படுகின்றன. "பள்ளி நன்றாக நடக்கட்டும், பிறகு சேர்க்கிறோம்" என்று பத்துப் பெற்றோர் காத்திருந்தால் தொகை குறைகிறது. தொகை குறைந்தால் பதவி குறைகிறது. பதவி குறைந்தால், "பார்த்தீர்களா, வாத்தியாரே இல்லை!" என்று இன்னும் பத்துப் பேர் விலகுகிறார்கள். ஒருவர் பின்னால் ஒருவர் நின்று, "நீ முதலில் போ" என்று சொல்லிக்கொண்டிருந்தால் மலை ஏறுவது எப்படி?

நேரில் கண்டது

இந்த யோசனையோடு மறு வாரம் நாமும் நண்பருமாகப் புறப்பட்டோம். புதிய ஆறாம் வகுப்புக்குப் பிள்ளைகள் எங்கேயிருந்து வரப் போகிறார்கள்? அந்தப் பள்ளியின் சொந்த ஐந்தாம் வகுப்பிலிருந்தும், சுற்றுப்புறத்திலுள்ள இரண்டு ஆரம்பப் பள்ளிகளிலிருந்தும். நடுநிலைப் பள்ளியை எடைபோட வேண்டுமானால் முதலில் இந்த ஆரம்பப் பள்ளிகளை எடைபோட வேண்டும். ஊற்று எப்படியோ அப்படித்தானே ஆறு?

ஓரிடத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சுவரிலிருந்த அறிவிப்பைத் தடையில்லாமல் வாசித்தார்கள். வகுத்தல் கணக்கையும் செய்தார்கள். இரண்டாவது இடத்தில் வாசிப்பு தடுமாறியது. விசாரித்ததில், பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், பெற்றோர் விடியற்காலையிலேயே தறிக்குப் போகிறவர்கள் என்று தெரிந்தது. பிள்ளைகளிடம் குறையில்லை, வாய்க்கணக்கில் அவர்களே முதலாவதாக இருந்தார்கள். மூன்றாவது இடத்தில் பிள்ளைகளே சொற்பம். தலைமை உபாத்தியாயினி அம்மாள், "நன்றாகப் படிக்கிற குழந்தையை நாலாம் வகுப்போடு வேறிடத்துக்குக் கொண்டு போய்விடுகிறார்கள், ஐயா. நாங்கள் நாற்று விடுகிறோம்; அறுவடை வேறு வயலில்" என்று சொன்னார்.

மூன்று பள்ளிகளும் ஒன்றையொன்று அறியவில்லை என்பதே நமக்குப் பெரிய குறையாகப் பட்டது. கோத்தாரி கமிஷன் 1966-லேயே, மேல் வகுப்புப் பள்ளியும் அதைச் சுற்றிய ஆரம்பப் பள்ளிகளும் ஒரே குடும்பமாக இயங்கவேண்டும், உபகரணங்களையும் அனுபவத்தையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று யோசனை சொல்லிற்று. எந்தப் பிள்ளைக்கு எங்கே தடுமாற்றம் என்பது ஆறாம் வகுப்பு உபாத்தியாயருக்கு ஜூன் மாதத்திலேயே தெரிந்திருந்தால், டிசம்பர் வரையில் அவர் இருட்டில் தடவ வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து, கண்டதையெல்லாம் பெருமையோடு விவரித்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நம் வீட்டு அம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "பெண் குழந்தைகளுக்கான கழிப்பிடத்தில் தண்ணீர் வருகிறதா?"

நாம் பார்க்கவில்லை. நண்பரும் பார்க்கவில்லை. பட்டதாரியும் வியாபாரியும் கூடிப் போய் முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டு வந்தோம். மறுநாள் அவளே நண்பரின் மனைவியையும் அழைத்துக்கொண்டு போனாள். கழிப்பிடம் இருந்தது, குழாயும் இருந்தது, தண்ணீர்தான் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாயிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதன் தாத்பரியம் அப்போதுதான் நமக்கு விளங்கியது.

நடுநிலை எது?

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். "கொள்கைக்காக என் குழந்தையைப் பலி கொடுக்க மாட்டேன்" என்று ஒரு தகப்பனார் சொன்னால், அவரைச் சுயநலக்காரர் என்று வைய நாம் தயாராயில்லை. பிள்ளையின் படிப்பு பரீட்சை பார்க்கும் பண்டம் அல்ல. 2015-ல் அலகாபாத் ஹைகோர்ட்டு, சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளைச் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளிலேயே படிக்க வைக்க ஏற்பாடு செய்யுமாறு உத்தரப் பிரதேசத்துக்கு உத்தரவிட்டது. அதைப் பத்திரிகையில் வாசித்தபோது நமக்கு வெட்கமாயிருந்தது. ஆனால் உத்தரவினால் மட்டும் நம்பிக்கை பிறந்துவிடாது.

பின்லாந்து தேசத்தில் முன்னெல்லாம் பிள்ளைகளைப் பதினோராம் வயதையொட்டி இரண்டாகப் பிரித்து, சிலரை மேல்படிப்புக்கும் மற்றவர்களை வேலைக்கும் அனுப்புவது வழக்கம். 1972-ல் வடகோடியிலுள்ள லாப்லாந்தில் தொடங்கி, 1977-க்குள் தேசம் முழுவதிலும் எல்லோருக்கும் ஒரே ஒன்பது வருஷப் பொதுப் பள்ளியை ஏற்படுத்தினார்கள். செல்வர் வீட்டுப் பிள்ளையும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தால், குழாயில் தண்ணீர் வராததை எல்லாப் பெற்றோரும் சேர்ந்து கேட்பார்கள். இதைவிடப் பெரிய ரகசியம் எதுவும் அதில் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

நடுநிலைப் பள்ளி என்று யார் பெயரிட்டார்களோ தெரியாது. இடையிலுள்ள வகுப்புகள் என்பது பொருள். ஒரு பக்கமும் சாயாதது என்பதும் பொருள். இரண்டாவது பொருள் மெய்யாக வேண்டுமானால் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அதற்குள் இருக்கவேண்டும்.

ஆகவே நாங்கள் செய்த முடிவு இதுதான். தனியாக யாரும் முதலில் போக வேண்டாம், சேர்ந்து போவோம். நம் வீடு, நண்பர் வீடு, தெருவில் இன்னும் மூன்று வீடுகள். மே மாதத்துக்குள் தண்ணீர் வரவேண்டுமென்று தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்தோம்; மோட்டார் பழுது பார்க்கும் செலவில் ஒரு பகுதியை ஐந்து வீட்டாரும் ஏற்றோம். வாசிப்பில் தடுமாறும் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் காலை ஒரு மணி நேரம் நம் திண்ணையிலேயே வகுப்பு. தெலுங்கில் விளக்கம் சொல்ல நண்பரின் மனைவி முன்வந்தார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. தண்ணீர் வந்தது. விஞ்ஞான உபாத்தியாயர் வரவில்லை. அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு அனுப்பியிருக்கிறோம். நம் பெண் நடந்தே போய் வருகிறாள். மேஜை அறையிலிருந்த படிவத்தின் பின்பக்கத்தில் அவள் வீட்டுக் கணக்குப் போடுகிறாள்.

நேற்றுச் சாயங்காலம் மறுபடியும் மலைப்படியில் உட்கார்ந்திருந்தோம். நண்பர் மெள்ள ஆரம்பித்தார்: "சார், எட்டாம் வகுப்பு முடிந்ததும் அப்புறம்?"

"அதற்கு மூன்று வருஷம் இருக்கிறது. ஏறிக்கொண்டே பேசுவோம், எழுந்திருங்கள்" என்றோம்.