காடும் தோட்டமும் – 9: மான் யார் பொறுப்பு?

அமெரிக்காவில் மான் அரசியல் என்றால் அது பெருக்கத்தின் அரசியல். வெள்ளைவால் மான்கள் மட்டுமே அங்கே கோடிக்கணக்கில் இருக்கின்றன. பயிரை மேய்கின்றன, காரில் வந்து மோதுகின்றன. எத்தனை சுடலாம் என்று ஆண்டுதோறும் மாநிலங்கள் கணக்குப் போடுகின்றன. எல்க் வேட்டை உரிமத்துக்குப் பல இடங்களில் குலுக்கல் நடக்கிறது. கெடாவில் கதை தலைகீழ். இங்கே கணக்குப் போடவே மான் போதாது.

சிக், பாலிங் பக்கத்துக் காட்டோரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களுக்கு ருசா, கீஜாங் மான்கள் புதிதல்ல. விடியலில் நாய்போலக் குரைப்பது கீஜாங். ஆனாலும் தோட்டத்து வேட்டை என்றாலே காட்டுப்பன்றிதான். பன்றியை மலாய்க்காரர் தொடமாட்டார். மாட்டை நம்மவரில் பலர் தொடமாட்டார்கள். மானுக்கு அப்படியொரு வேலி கிடையாது. மூன்று இனத்தார் சட்டியிலும் ஏறும் காட்டிறைச்சி அது. அதற்கு வந்த கேடும் அதுதான்.

உலு மூடா காட்டுக்குள் குபிர் படகுத்துறையிலிருந்து ஏரி வழியாகப் போகலாம். உள்ளே ‘சீரா’ எனப்படும் உப்பு ஊற்றுகள் இருக்கின்றன. இருட்டியதும் ருசா சேற்றை நக்க வரும். பரணிலிருந்து டார்ச் அடித்தால் இரண்டு கண்களும் மின்னும். ஓடாமல் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். அப்புறம் குறி தவறவா போகிறது? சீரா அருகே வேட்டையாடுவது 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நள்ளிரவில் அங்கே போய்ப் பார்க்க ஆள் வேண்டுமே.

ருசா, கீஜாங் வேட்டை உரிமம் 2009-லேயே நிறுத்தப்பட்டது. மானுக்காக அல்ல, புலிக்காக. 1997 முதல் 2008 வரை தானியங்கிக் கேமராக்களில் விழுந்த படங்களைப் புலி ஆய்வாளர் கவனிஷியின் குழுவினர் அலசியபோது, ருசா பல காடுகளில் அருகிவிட்டது தெரிந்தது. புலிக்கு இரையில்லாமல் புலியைக் காப்பாற்றுவது எப்படி? பின்னர் நடந்த தேசியக் கணக்கெடுப்பில் தீபகற்பத்தில் 150 புலிகள்கூட இல்லை என்றானது. இப்போது பேராக்கின் சுங்காயில் வனவிலங்கு இலாகாவே ருசா வளர்க்கிறது. வளர்த்ததைக் கண்ணிக் கம்பிகள் நிறைந்த காட்டில் விட்டு என்ன பயன் என்பது என் கேள்வி.

சிக்கல் அரசமைப்பிலேயே இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்பு மத்திய, மாநில அரசுகளின் பொதுப்பட்டியலில் வருகிறது. நடைமுறையில் அதைப் பார்ப்பது மத்திய இலாகாவான பெர்ஹிலித்தான். நிலமும் காடும் மாநிலத்துடையவை. மரம் வெட்டினால் அலோர் ஸ்டார் கஜானாவுக்கு வருமானம். மான் மேய்ந்தால் ஒரு காசு வராது. அதனால்தான் காட்டை வைத்திருக்கும் மாநிலங்களுக்குப் புத்ராஜெயா 2019-ல் 60 மில்லியன் வெள்ளி ஒதுக்கியது. 2024-ல் அது 200 மில்லியன் ஆனது. ஆனால் உலு மூடா காட்டிலிருந்து வரும் மூடா ஆற்று நீருக்காகப் பினாங்கிடம் மட்டுமே ஆண்டுக்கு 50 மில்லியன் கேட்டவர் கெடா மந்திரி பெசார் சனுசி. அந்தக் கணக்கில் பார்த்தால் எல்லா மாநிலங்களும் பங்கிடும் தொகை சொற்பம். பினாங்கு தரமுடியாது என்றது வேறு கதை.

முன்னாள் ராணுவத்தினரையும் ஓராங் அஸ்லி மக்களையும் காட்டு ரோந்துக்கு அமர்த்தும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று உண்டு. கண்ணிகளைத் தேடி அறுப்பது அவர்கள் வேலை. அந்தப் பட்டியலில் தோட்டத்துப் பிள்ளைகளையும் சேர்க்கலாம். எந்த ஒற்றையடிப் பாதையில் எவன் கம்பி கட்டுவான் என்பது அவர்களுக்குத் தெரியும்.