மூலநிரலிலிருந்து மென்பொருள்: முன்னிருப்பில் எவ்வளவு எழுதலாம்?

பதினொன்றாம் வகுப்பில் சி++ நிரலைக் கம்பைல் செய்து காட்டியபோது, "சார், பெரிய மென்பொருளையும் நாமே இப்படிச் செய்ய முடியுமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். முடியும் என்று காட்டவே என் பழைய மடிக்கணினியில் ஜென்டூ லினக்ஸை நிறுவினேன்.

உபுண்டுவில் மென்பொருள் கம்பைல் ஆகியே வந்து சேர்கிறது. ஜென்டூவிலோ போர்ட்டேஜ் என்னும் தொகுப்பு மேலாளர் மூலநிரலை இறக்கி, நம் கணினியிலேயே கம்பைல் செய்கிறது. (2023 டிசம்பர் முதல் ஆயத்தத் தொகுப்புகளும் கிடைக்கின்றன, அவற்றை நான் தொடவில்லை.) எப்படிக் கம்பைல் செய்ய வேண்டும் என்பதை மேக்.கான்ஃப் என்ற கோப்பில் எழுதுகிறோம். அங்கே எழுதுவது எல்லா மென்பொருளுக்கும் பொருந்திவிடும். ஆகவே குறைவாக எழுதுவதே நல்லது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான்கு கோர், 4 ஜிபி ரேம். ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்று சொல்லும் மேக்ஆப்ட்ஸ் வரியில் 4 என்று போட்டு, இணைய உலாவியைக் கம்பைல் ஆகவிட்டுத் தூங்கிவிட்டேன். விடிந்து பார்த்தால் நினைவகம் தீர்ந்து பாதியில் நின்றிருந்தது. அன்று வகுப்பில் காட்ட ஒன்றுமில்லை. ஒரு வேலைக்குச் சுமார் 2 ஜிபி ரேம் வேண்டும் என்கிறது ஜென்டூ கையேடு. 4 ஜிபியை 2ஆல் வகுத்தால் 2. இந்த ஈவையும் கோர் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுச் சிறியதைப் போட வேண்டும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு!

கம்பைலருக்கான மேம்பாட்டு நிலை ஓ2 போதும். ஓ3 போட்டால் நிரல் பெருத்து, சில சமயம் வேகம் குறைவதும் உண்டு. 'மார்ச் நேட்டிவ்' என்பது இந்தச் செயலிக்கென்றே நிரலை உருவாக்கும். அதை வேறொரு பழைய கணினிக்கு எடுத்துச் சென்றால் ஓடாமல் போகலாம்.

ஒரு மென்பொருளில் எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்பதை யூஸ் கொடிகள் தீர்மானிக்கின்றன. நாம் தேர்ந்தெடுக்கும் புரொஃபைலே பெரும்பாலான கொடிகளை அமைத்துத் தருகிறது. அவை அனைத்தையும் ஒரேயடியாகத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம் என்ற ஆசை எனக்கும் வந்தது. வேண்டாம், சார்புகளில் சிக்கிக்கொள்வீர்கள். அச்சுப்பொறியே இல்லாத கணினியில் கப்ஸ் கொடியை மேக்.கான்ஃபில் நீக்கலாம், அது கணினி முழுவதற்குமான முடிவு. ஒரே ஒரு வீடியோ மென்பொருளுக்கு மட்டும் வேண்டிய கொடியைப் பேக்கேஜ்.யூஸ் என்ற இடத்தில் அந்த மென்பொருளின் பெயருக்கு எதிரே எழுத வேண்டும். ஒரு வகுப்புக்கு விளையாட்டுப் பாடவேளை மாறினால் பள்ளியின் கால அட்டவணையையே திருத்துகிறோமா என்ன?

கொடியை மாற்றியதும் எதுவும் தானாக மாறாது. மறுபடி கம்பைல் செய்தால்தான் பலன். அதற்கு முன் எமர்ஜ் கட்டளையை 'ப்ரிடெண்ட்' விருப்பத்துடன் ஓட்டினால், என்னென்ன கம்பைல் ஆகப்போகின்றன என்ற பட்டியல் மட்டும் வரும். மறுவாரம் வகுப்பில் உலாவியை விட்டுவிட்டு, எச்டாப் என்ற சிறு மென்பொருளை எடுத்தேன். பட்டியலைப் படித்துப் பார்த்து எண்டர் விசையை அழுத்தியது அந்த மாணவிதான்.