மெய்நிகர் சர்வரில் வேண்டாத நிர்வாகப் பலகையை நீக்கும் முறை

பள்ளிகளும் அலுவலகங்களும் வலைத்தளம் நடத்துவதற்கென விண்டோஸ் மெய்நிகர் சர்வர் ஒன்றை வாடகைக்குப் பெறும்போது, ப்ளெஸ்க் போன்ற நிர்வாகப் பலகை அதனுள் முன்கூட்டியே நிறுவப்பட்டிருப்பதுண்டு. மெய்நிகர் சர்வர் என்பது, பெரிய கணிப்பொறி ஒன்றின் ஆற்றலைப் பல கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறும் தனிக் கணிப்பொறியைப் போல் இயங்கச் செய்யும் ஏற்பாடாகும். வலைத்தளம், மின்னஞ்சல், தரவுத்தளம் ஆகியவற்றை உலாவியின் வாயிலாகவே அமைத்து நடத்த உதவும் மென்பொருளே நிர்வாகப் பலகை. விண்டோஸுக்கே உரிய ‘கன்ட்ரோல் பேனல்’ வேறு, இது வேறு. பெயர் ஒற்றுமையால் மயங்குதல் கூடாது.

பலருடைய தளங்களை ஒரே சர்வரில் வைத்துப் பேணும் நிறுவனத்திற்கு இப்பலகை பெரிதும் பயன்படும். ஒரே தளத்தை நடத்தும் பள்ளிக்கோ அது பெரும்பாலும் சுமையே. 2 ஜிபி நினைவகமே உள்ள சிறிய சர்வரில் அதன் துணைச் சேவைகள் நினைவகத்தில் ஒரு நல்ல பங்கைக் கவர்ந்துகொள்கின்றன. 8443, 8880 என்னும் போர்ட்டுகள் ப்ளெஸ்க்கின் நுழைவாயில்கள். உரிய காலத்தில் புதுப்பிக்கப்படாத பலகையில் இவை அந்நியர் புகுவதற்கும் வழியாகலாம்.

எனினும் இதனை மற்றச் சாதாரண நிரல்களைப் போல் எண்ணி நீக்க முற்படுதல் ஆபத்தாகும். தளத்தின் கோப்புகள், அஞ்சல் பெட்டிகள், தரவுத்தளங்கள் யாவும் பலகையின் கணக்கிலேயே பதிவாகியுள்ளன. பலகை நீங்கும்போது அவையும் உடன் நீங்கக்கூடும் என்று கருதியே வேலையைத் தொடங்க வேண்டும். பலரும் கவனியாத மற்றொரு விஷயம் டிஎன்எஸ் ஆகும். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் பணியையும் இதே சர்வர் செய்து வந்திருப்பின், பலகை நீங்கியதும் அப்பணி நின்றுபோகலாம். அப்போது தளம் வேறிடத்தில் நலமாக இருப்பினும் அதனை எவரும் காண இயலாது. ஆசிரியர்களின் மின்னஞ்சலும் வந்து சேராது. ஆகையால் ஏ, எம்எக்ஸ், டிஎக்ஸ்டி பதிவுகள் அனைத்தையும் முதலில் எழுதிவைத்துக்கொண்டு, வேறொரு டிஎன்எஸ் சேவைக்கு மாற்றிவிட வேண்டும்.

அடுத்து, எல்லாவற்றிற்கும் ஒரு பிரதி எடுத்தல் அவசியம். அது சர்வருக்கு வெளியே இருத்தல் வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தல் போதாது. மைஎஸ்க்யூஎல்டம்ப் என்னும் கருவியினால் ஏற்றுமதி செய்தலே முறை. அப்பிரதியை வேறொரு கணிப்பொறியில் ஒருமுறை திறந்து பார்த்தபின்னரே மேலே செல்லலாம்.

நீக்கும் வேலை சிறிதே. கன்ட்ரோல் பேனலில் ‘ப்ரோக்ராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்’ பகுதியைத் திறந்து, பட்டியலில் ப்ளெஸ்க்கைத் தேர்ந்து அகற்றி, சர்வரை மறுபடி தொடங்க வேண்டும். அதற்கு முன்பே கோப்புறைகளைக் கையால் அழித்துவிட்டால், அகற்றும் நிரல் தனக்கு வேண்டிய கோப்புகளைக் காணாது பாதியில் நின்றுவிடும்.

பின்னர், எஞ்சியவற்றைப் பார்க்க வேண்டும். பலகையுடன் வந்த அஞ்சல் சேவையோ தரவுத்தளச் சேவையோ தங்கிவிட்டிருக்கலாம். நெட்ஸ்டாட் கட்டளையை ஏ, என், ஓ என்னும் குறிகளுடன் இட்டால், திறந்துள்ள போர்ட்டுகளும் அவற்றைப் பிடித்திருக்கும் செயல்களின் எண்களும் தெரியவரும். 80-ஆம் போர்ட்டுக்கு எதிரே 4 என்னும் எண் காணப்படின் அது விண்டோஸின் உட்பகுதியாகும். அதனை நிறுத்த முயலாது, ஐஐஎஸ் வேண்டுமா வேண்டாவா என்று முடிவு செய்து ‘சர்வர் மேனேஜர்’ வழியே அகற்றலாம். ஃபயர்வாலில் பழைய விதிகளைக் களையும்போது 3389-ஆம் போர்ட்டுக்குரிய விதியைத் தொடுதல் ஆகாது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் ரிமோட் டெஸ்க்டாப் வழி வழக்கமாக அதுவே. அதனை அடைத்தவர் தாமே வெளியில் நிற்க நேரிடும்.

சர்வரில் இன்னும் எதுவும் ஏற்றப்படவில்லையெனில் இத்தனை தொல்லையும் தேவையில்லை. விண்டோஸைப் புதிதாக நிறுவிக்கொள்வதே உத்தமம். அவ்வாறு செய்யும்போது, வாடகைக்கு அளித்த நிறுவனத்தின் பட்டியலிலிருந்து பலகை சேராத விண்டோஸ் வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறினால் அதே பலகை மீண்டும் வந்து அமர்ந்துகொள்ளும்.